படம் போடாமல் கணக்குக் காட்டுவது எப்படி? எங்கள் ஊர் பைத்துல்மால் பற்றி ஒரு கேள்வி

குடமுருட்டிக்கரை (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும். பிற சமயச் சகோதரர்களுக்கு வணக்கம்.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். முந்நூறு தலைக்கட்டுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். இல்லாதவர்களுக்கு உதவும் ஊர்ப் பொது நிதியான பைத்துல்மால் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. நான் பதினோரு வருடம் ரியாத்தில் இருந்துவிட்டுப் போன வருடம் ஊரோடு வந்து சேர்ந்தேன். கணக்கு எழுதத் தெரிந்தவன் என்று ஜமாஅத்தில் என்னைச் செயலாளராகப் போட்டார்கள். நானும் விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன். விதவைகளுக்கு மாத உதவி, குமர் காரியம் (ஏழைப் பெண்களின் கல்யாணச் செலவு), மருத்துவச் செலவு, ரமலானில் மளிகைப் பை. இப்போதைக்கு இவ்வளவுதான் செய்கிறோம்.

வரும் பணத்தில் முக்கால்வாசி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. எதைக் கொடுத்தாலும் படம் எடுத்து அந்தக் குழுவில் போடுவது நான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற வழக்கம். முகத்தை மறைத்துத்தான் போடுவார்கள். அதனால் நானும் தப்பாக நினைக்கவில்லை.

இந்த ரமலானில் 72 வீட்டுக்குப் பை கொடுத்தோம். நாலாம் நோன்பு அன்று விடியலுக்கு முந்தைய சஹர் நேரத்தில் பள்ளிவாசலைத் திறக்க வந்த மோதினார், செருப்பு விடும் திண்ணையில் ஒரு பை இருப்பதைப் பார்த்து எனக்குப் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். எங்கள் பைதான். கட்டுகூட அவிழ்க்கவில்லை. அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், சேமியா, பேரீச்சம்பழம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பையில் நாங்கள் எண் போட்டிருந்தோம்: 41.

அந்த எண்ணுக்குரிய படத்தைப் போனில் எடுத்துப் பார்த்தேன். முகத்தில் மஞ்சள் வட்டம் போட்டு மறைத்திருந்தது. ஆனால் பின்னால் பச்சைக் கதவு தெரிந்தது. பையை வாங்க நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது. எங்கள் ஊரில் அந்தக் கை யாருடையது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அவர் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் தன் வீட்டுப் போனில் வந்த படத்தை அவனிடமே காட்டியிருக்கிறான். இதை என் மனைவி விசாரித்துச் சொன்னாள்.

அந்த வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்தே அந்த அம்மா பேசினார். "தம்பி, உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லை. எங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்."

அன்றிரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, "இனிமேல் யாருடைய படமும் வராது" என்று குழுவில் எழுதினேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்கை எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். ஒருவர் மாதம் அனுப்பிக்கொண்டிருந்த தொகையை நிறுத்தியே விட்டார். அந்தப் பணத்தில்தான் மூன்று விதவைகளின் மாத உதவி ஓடுகிறது.

உங்கள் ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? படம் இல்லாமல் நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்ட முடியுமா? அந்த வீட்டுக்கு நான் இனி எந்த முகத்தோடு போவது?

வெண்ணாற்றங்கரை

வஅலைக்கும் ஸலாம் தம்பி.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். இதே தவறை நாங்கள் 2009-இல் செய்திருக்கிறோம். அப்போது வாட்ஸப் ஏது? ஆண்டு மலர் அச்சடித்தோம். தையல் இயந்திரம் வாங்கிய ஒன்பது பெண்கள் வரிசையாக நிற்கும் படம் அதில் முழுப் பக்கத்துக்கு வந்தது. அந்த மலர் எப்படியோ பெண் கேட்டு வந்த ஒரு வீட்டாரின் கைக்குப் போய்ச் சேர, ஒரு பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போனது. பிறகு அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவள் அத்தா (தகப்பனார்) இன்றுவரை என் ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு சரி, வேறொரு வார்த்தை பேசியதில்லை.

நான் கூத்தாநல்லூர் பக்கம். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் பைத்துல்மாலுக்குப் பத்தொன்பது வருடமாகப் பொருளாளர். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு நோட்டு இருக்கிறது. பெரிய நோட்டில் பெயரே கிடையாது. "ம 14, மருத்துவம், சிறுநீரகக் கல், ரூ. 6,500, ரசீது எண் 212" என்று மட்டும் இருக்கும். அந்த நோட்டின் நகலை மாதத்தின் முதல் ஜும்ஆ அன்று பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். அதையே படம் எடுத்து வெளிநாட்டுக் குழுவுக்கும் அனுப்புகிறோம். நாங்கள் அனுப்பும் ஒரே படம் அதுதான். சின்ன நோட்டில் ம 14 யார், எந்தத் தெரு என்பது இருக்கும். அது இரும்புப் பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி தலைவரிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும்.

சரி, எண்ணை மட்டும் பார்த்து யார் நம்புவார்கள் என்று கேட்பீர்கள். எங்களிடமும் கேட்டார்கள். நன்கொடையாளர்களையே கூடிப் பேசி, நிர்வாகத்தில் இல்லாத இரண்டு பேரை ஊரிலிருந்து சொல்லச் சொன்னோம். ஓர் ஆண், ஒரு பெண். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரையும், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத்மா ஒருவரையும் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து, பெரிய நோட்டில் தாங்களாக ஏதோ பத்து எண்களைக் குறிப்பார்கள். சின்ன நோட்டில் அது யார் என்று பார்ப்பார்கள். உஸ்தாத்மா ஏதாவது சாக்கில் அந்த வீடுகளுக்குப் போய் வருவார். பணம் போய்ச் சேர்ந்ததா என்று நேரடியாகக் கேட்கவே மாட்டார்; ஆனால் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். பிறகு "பத்தும் சரி" என்றோ, "ஒன்பது சரி, ஒன்றில் தொகை குறைகிறது" என்றோ எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருமுறை உண்மையிலேயே ஒன்று குறைந்தது. கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்ன பையன் ஐந்நூறு ரூபாயைத் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டான். அதையும் மறைக்காமல் பலகையில் ஒட்டினோம். அந்த மாதத்துக்குப் பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் படம் கேட்பதை நிறுத்தினார்கள்.

மளிகைப் பையையும் நிறுத்திவிட்டோம். எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் கடையில் பற்று நோட்டு உண்டு. வசதியானவருக்கும் உண்டு, இல்லாதவருக்கும் உண்டு. கடைத்தெருவில் மூன்று மளிகைக் கடைகளில் பேசி வைத்திருக்கிறோம். மூன்றும் இந்துக்களின் கடைகள். நாங்கள் சொல்லும் வீட்டின் பற்று நோட்டில் முதல் பக்கத்து மூலையில் கடைக்காரர் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அந்த அம்மா எப்போதும்போல் போய், தனக்கு என்ன வேண்டுமோ அதை வாங்கி, நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். மாதக் கடைசியில் புள்ளி வைத்த நோட்டுகளின் தொகையை நாங்கள் தீர்ப்போம். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து கிலோ பொன்னி அரிசிக்குப் பதிலாகக் கைக்குழந்தைக்குப் பால்பொடி வாங்குவதா, மாமியாருக்கு ஓட்ஸ் வாங்குவதா என்பதை அந்த வீட்டுப் பெண்ணே முடிவு செய்கிறாள். இந்த விஷயத்தில் அந்த மூன்று கடைக்காரர்களும் காத்த ரகசியத்தை எங்கள் சொந்த ஜமாஅத்தில்கூட எல்லாராலும் காக்க முடிந்திருக்காது.

மருத்துவ உதவி கேட்டு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைத்தான். தொடக்கத்தில் இது தெரியாமல், காப்பீட்டிலேயே செய்திருக்கக்கூடிய ஓர் அறுவைச் சிகிச்சைக்கு 40,000 ரூபாய் கட்டினோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அந்தத் திட்டத்தில் பார்க்கலாம். இப்போது எங்களிடம் இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலோ திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலோ நோயாளியோடு போய் நிற்பதும், காப்பீட்டுப் பிரிவில் வரிசையில் நிற்பதும்தான் அவர்கள் வேலை. பைத்துல்மால் பணம் பஸ் செலவுக்கும், கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கும், வெளியே வாங்கச் சொல்லும் மருந்துக்கும் போகிறது.

கணக்கில் இன்னொன்று. ஜகாத் (கட்டாயக் கொடை), சதக்கா (விரும்பிக் கொடுப்பது), வங்கி போடும் வட்டி, இவை மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி வையுங்கள். ஜகாத் யாருக்குப் போகலாம் என்று குர்ஆனில் தவ்பா அத்தியாயத்தின் 60-ஆவது வசனம் எட்டு வகையாருக்கு வரையறை போட்டிருக்கிறது. அந்தப் பணத்தை எடுத்து அலுவலகத்துக்கு மின்விசிறி வாங்கக் கூடாது. சதக்காவில் அந்தக் கட்டு இல்லை. பக்கத்துத் தெரு இந்துக் குடியானவர் வீட்டில் பிரசவ வலி எடுத்து ஆம்புலன்ஸ் போனால் அது சதக்காப் பத்தியில் ஏறும். வட்டிப் பணத்தை நாங்கள் தொடுவதில்லை. பேருந்து நிறுத்தத்துக் கழிப்பறையைப் பழுது பார்க்கக் கொடுத்தோம்.

கடைசியாக அந்தப் பச்சைக் கதவு வீடு. மறுபடி பை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். உங்கள் ஊரில் வட்டியில்லா நகைக் கடன் இல்லை போலிருக்கிறது, பட்டியலில் காணோம். அதைத் தொடங்கிப் பாருங்கள். தானமாகக் கொடுத்தால் வாங்காத கை, அடகுக்கு வரும். போன குறுவை நடவு சமயத்தில் ஒரு பெண் வந்து, கல்யாணத்தில் கட்டிய தன் கருகமணியைக் கழற்றி என் மேசையில் வைத்தார். நாலரை கிராம்கூடத் தேறாது. கருகமணியை நாங்கள் அடகுக்கு வாங்குவதில்லை என்று சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, மகளின் ஒற்றைக் கம்மலைக் கொண்டுவந்தார். இணைக் கம்மல் ஆற்றில் தொலைந்துவிட்டதாம். எடை போட்டேன்: 1.200 கிராம். வெள்ளைத் துணிப்பையில் போட்டு, அவர் கண் முன்னாலேயே தைத்து, அரக்கு வைத்து முத்திரை குத்தி, தையலின் மேல் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் கேட்டது 8,000. எங்கள் கணக்குப்படி அந்த எடைக்கு அவ்வளவு வராது. மேலே தேவைப்பட்டதற்குத் தலைவர் தன் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டார். பத்து மாதத் தவணை. ஒன்பதாவது மாதத்திலேயே முடித்துவிட்டு, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போனார். எங்கள் அலுவலகப் படியில் அவ்வளவு நிமிர்ந்து நடந்து போன ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

நாகூர் லாத்தா

தம்பி, வெண்ணாற்றங்கரை நானா சொன்னது முழுக்கச் சரி. பெண்கள் பக்கத்திலிருந்து நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எங்கள் தெருவில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறோம். எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது, பதிவு கிடையாது. தெருப் பள்ளியின் பைத்துல்மாலுக்குத் தகவல் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆண்கள் பட்டியல் எழுதினால் விதவை, வயசாளி, ஊனமுற்றவர் என்று எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் சபுராளி வீடு, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் வீடு, வரவே வராது. வாசலில் டைல்ஸ் போட்டிருக்கும், மாடியில் பாதி கட்டிய சுவர் நிற்கும், புருஷன் துபாயில் இருப்பார். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழு மாதமாகச் சம்பளம் வந்திருக்காது. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று மாமியாரிடம்கூட அந்தப் பெண் சொல்லியிருக்க மாட்டாள். குர்ஆனில் பகரா அத்தியாயத்தின் 273-ஆவது வசனம் இப்படிப்பட்டவர்களைத்தான் சொல்கிறது: கேட்க மாட்டார்கள், அந்த மானத்தைப் பார்த்துத் தெரியாதவன் அவர்களைச் செல்வர்கள் என்று நினைப்பான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். நான் ஒருத்தி வீட்டுக்குப் போனால் அடுப்படிக்குத்தான் போவேன். வெங்காயம் உரித்துக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும். மீன் வாங்கி எத்தனை நாள் ஆச்சு என்பது தெரியும். சிலிண்டர் தீர்ந்து விறகு எரிகிறதா என்பது தெரியும். கடற்கரை ஊரில் ஒரு வீட்டில் ரெண்டு வாரமாக மீன் வாசனை இல்லையென்றால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

புருஷன் இறந்து இத்தாவில் (வீட்டோடு காத்திருக்கும் காலத்தில்) இருக்கிற பெண்ணை யாரும் மறக்கக் கூடாது. நாலு மாதம் பத்து நாள். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஒருத்தரும் வர மாட்டார்கள். நாங்கள் முறை வைத்துக்கொண்டு போகிறோம். அந்தச் சமயத்திலேயே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். உதவித்தொகையை 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அது அவள் பெயரில் வருகிற பணம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வசூலாகும் நன்கொடைக்கு ஈடாக அரசும் மானியம் தருகிறது. பல ஜமாஅத்துகளில் இது இருப்பதே தெரியாது. விசாரித்துப் பாருங்கள்.

படம் பற்றி எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 2004 சுனாமியில் எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஊரே மையித்து (இறந்தவர் உடல்) எடுத்தது. தர்காவுக்குச் சொந்தமான இடத்தில், யார் என்ன மதம் என்று பார்க்காமல் அடக்கம் செய்தார்கள். வீடு வீடாகச் சோறு ஆக்கிக் கொடுத்தோம். அப்புறம் வெளியூரிலிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. நாகப்பட்டினம் சாலை ஓரத்தில் மலை மாதிரிக் குவிந்து கிடந்து மழையில் நனைந்து நாறியது. கொடுக்கும்போது படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் அந்தக் குவியலைத் திரும்பி வந்து பார்க்கவில்லை. மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி, புருஷனைப் புதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, கையில் கிழிந்த நைட்டியோடு கேமராவுக்கு முன்னால் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சிரிங்க என்று ஒருவர் சொன்னார்.

உங்கள் பச்சைக் கதவு வீட்டுக்கு நீங்கள் போக வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டுக்காரியை அனுப்புங்கள். கையில் ஒன்றும் இல்லாமல் போகட்டும். பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வரட்டும். அடுத்த வாரமும் போகட்டும்.

அதிரைக்காரன், சிங்கப்பூரிலிருந்து

ஸலாம். நான் படம் கேட்கிறவர்களில் ஒருவன். என் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டுத் தென்னை முப்பதில் இரண்டுதான் மிஞ்சியது. அப்போது ஒரு ஆள் நிவாரணம் என்று வாட்ஸப்பில் கணக்கு எண் போட்டான். எங்கள் தங்குமிடத்தில் பதினாலு பேர் சேர்ந்து 1,100 சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினோம். கப்பல் பட்டறையில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த பணம். ஒரு தார்ப்பாய்கூட யாருக்கும் போகவில்லை. அந்த எண்ணுக்கு அடித்தால் இப்போதும் எடுக்க மாட்டான். அன்றிலிருந்து நான் யாருக்கு அனுப்பினாலும் படம் கேட்கிறேன். ஏழையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. இன்னொரு தடவை ஏமாந்துவிட்டால் அந்தப் பதினாலு பேரும் இனி யாருக்குமே கொடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில் கேட்கிறேன்.

அந்தப் பையனிடம் பள்ளிக்கூடத்தில் படத்தைக் காட்டினார்கள் என்று படித்ததும் மனது சரியில்லை. எனக்கும் அதே வயதில் மகன் இருக்கிறான். வெண்ணாற்றங்கரைக் காக்கா சொல்கிற, கணக்குப் பார்க்கும் இரண்டு பேர் ஏற்பாடு எனக்குச் சம்மதம். எங்கள் ஊர்க் குழுவிலும் இதைப் பேசப் போகிறேன். ஒரு சந்தேகம்: என்னோடு இருப்பவர்களில் இரண்டு பேர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர்கள். அவர்கள் பணம் அனுப்புவதில் சிக்கல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

வெண்ணாற்றங்கரை

அதிரைத் தம்பி, உங்கள் பயம் நியாயமானது. எங்களைப் போன்றவர்கள் கணக்கைச் சரியாகக் காட்டாததால்தான் நீங்கள் படம் கேட்கிறீர்கள். அந்தப் பொறுப்பு எங்களுடையது.

குடியுரிமை விஷயம் உண்மைதான். எல்லா பைத்துல்மாலும் கவனிக்க வேண்டியது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர், அவர் நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும், அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்றவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். சின்ன ஊருக்கு இதெல்லாம் பெரிய சுமை. என் சொந்த மச்சான் மலேசியக் குடிமகன். அவர் அனுப்பிய தொகையை நானே திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து ஆடிட்டரிடமே பேச வைத்த பிறகு சமாதானம் ஆனார். அனுப்புகிற ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டின் முதல் பக்க நகல் வாங்கி வைத்துவிடுங்கள்.

குடமுருட்டித் தம்பி, உங்கள் பைத்துல்மால் பதிவு ஆகிவிட்டதா? அறக்கட்டளையாகவும் பதியலாம், 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகவும் பதியலாம். சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பத்திரம் எழுதும்போது ஒரு வரியில் கவனம் வையுங்கள். ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று நோக்கத்தில் எழுதிவிட்டால் நன்கொடையாளருக்கு 80ஜி என்று சொல்லும் வருமான வரிச்சலுகை வாங்கித் தர முடியாது. நாங்கள் முதலில் அப்படித்தான் எழுதினோம். பிறகு கல்வி, மருத்துவப் பணிக்கு மட்டும் எல்லாருக்கும் பொதுவாகத் தனி அறக்கட்டளை வைத்தோம். அந்த வேலையை ஒரு நல்ல ஆடிட்டரிடம் ஒப்படைத்துவிடுங்கள், எழுத்தரை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள்.

மன்னை மருந்துக்கடை

நான் முஸ்லிம் இல்லை. மன்னார்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பற்று நோட்டில் புள்ளி வைப்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

என் கடையிலும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து ஊர் ஜமாஅத்தில் சொல்லி வைத்திருக்கும் ஆறு பேர் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்கிப் போகிறார்கள். ஆறில் இரண்டு பேர் இந்துக்கள். யார் என்று என் கடைப் பையனுக்குக்கூடத் தெரியாது.

2021 மே மாதம் கொரோனாவில் என் அப்பா தவறினார். சொந்தக்காரர்கள் யாரும் கிட்ட வரவில்லை. நாலு முஸ்லிம் பையன்கள் முழுக்கவசம் மாட்டிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து மயானம் வரை எடுத்துப் போய், நெய்ப்பந்தம் எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எல்லாம் செய்தார்கள். டீசல் காசுகூட வாங்கவில்லை. யாரும் போனை வெளியே எடுக்கவும் இல்லை.

குடமுருட்டிக்கரை

எழுதிய எல்லாருக்கும் ஜஸாகல்லாஹ் ஹைரன். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பழைய படங்கள் 400-க்கு மேல் இருந்தன. குழுவிலிருந்து நீக்கச் சொல்லி எல்லாரையும் தனித்தனியாகப் போனில் அழைத்துக் கேட்டேன். பெரும்பாலோர் நீக்கிவிட்டார்கள். கணக்கைச் சரிபார்க்க இரண்டு பேரை நன்கொடையாளர்களே சொல்லியிருக்கிறார்கள். பணத்தை நிறுத்தியவர் இன்னும் தொடங்கவில்லை. அந்த மூன்று விதவைகளின் தொகையை இந்த மாதம் நாங்கள் ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டோம்.

லாத்தா சொன்னபடி என் மனைவி போனாள். முதல் தடவை தண்ணீர் கொடுத்தார்களாம். இரண்டாம் தடவை டீ. மூன்றாம் தடவை அவராகவே ஒரு விஷயம் கேட்டிருக்கிறார். மகனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும், அத்தா பெயரில் இருக்கும் எழுத்துப்பிழையால் சாதிச் சான்றிதழ் நின்று போயிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதத்தில் விண்ணப்பிக்கலாம். நாளைக்கு அந்தப் பையனை என் வண்டியில் தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

வெண்ணாற்றங்கரை அண்ணன், உங்கள் இரண்டு நோட்டையும் நேரில் பார்க்க வேண்டும். எப்போது வரலாம்?

வெண்ணாற்றங்கரை

சனிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள் தம்பி. நீடாமங்கலம் வழியாக வந்தால் சீக்கிரம் வரலாம். பெரிய நோட்டு மேசை மேலேயே இருக்கும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். சின்ன நோட்டு பெட்டியில்தான் இருக்கும். அதற்குப் பதிலாக, அதேபோல் கோடு போட்ட வெற்றுத்தாள் ஒன்று எடுத்து வைக்கிறேன். வெள்ளைத் துணிப்பை தைக்கிற தையல்காரரையும் வரச் சொல்கிறேன், அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.